பிறந்த தேதியை வார்சாரில் வைத்த தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

தோழர்களே, வணக்கம்.

உங்களில் ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் டேபிள்களோடு ராப்பகலாகக் குடும்பம் நடத்தியிருக்கிறேன். நீங்கள் எழுதிக் கொடுத்த செயலி பழசாகி, அலுவலகம் வேறொன்றுக்கு மாறும்போது, உள்ளே இருக்கும் தரவை மூட்டை கட்டிப் புது டேட்டாபேஸில் இறக்குகிற வேலை என்னுடையது. பீரோவுக்குப் பின்னால் என்ன கிடக்கிறது என்பது வீடு மாற்றுகிறவனுக்குத்தான் தெரியும். பெயர், முகவரி, தொகையெல்லாம் சண்டை போட்டாவது வந்து சேர்ந்துவிடும். தேதிதான் படுத்தி எடுக்கும். உங்கள் டேபிளைத் திறந்ததும் பிறந்த தேதி எந்த வகையில் இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். வார்சார் 50 என்று, அதாவது ஐம்பது எழுத்துக்குள் எதை அடித்தாலும் வாங்கிக்கொள்ளும் வெறும் எழுத்து வகையாக இருந்தால், இன்றைக்கு வர நேரமாகும் என்று வீட்டுக்கு போன் போட்டுவிடுவேன்.

உங்களைக் குறை சொல்வதற்கு முன் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சங்கத்தின் ஓய்வூதியர் பட்டியல் வந்தது. பழைய டேட்டாபேஸ் ஆரக்கிள், புதியது போஸ்ட்கிரெஸ். பிறந்த தேதி எழுத்தாக, வருடம் இரண்டே இலக்கத்தில் இருந்தது: 10-06-55. பழைய செயலி அதை ஆர்ஆர் என்ற வடிவத்தில் படித்துக்கொண்டிருந்தது. அதில் 50 முதல் 99 வரை போன நூற்றாண்டு என்று கணக்கு. எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸும், நீங்கள் அமைப்பை மாற்றாத வரை, 49 வரைக்கும்தான் இந்த நூற்றாண்டு என்று எடுத்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸிலும் மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸிலும் எல்லைக்கோடு 70. அங்கே 69 என்றால் 2069, 70 என்றால் 1970. இதெல்லாம் தெரிந்தும் கவனிக்காமல் ஓட்டிவிட்டேன். 55இல் பிறந்த பெரியவர்கள் எல்லோரும் 2055இல் பிறக்கப் போகிறவர்கள் ஆகிவிட்டார்கள். வயது என்ற இடத்தில் கழித்தல் குறி போட்டு வந்து நின்றது. மறுநாள் காலையே தெரிந்துவிட்டதால் பெரிய சேதமில்லை.

சேதம் அதைத் திருத்தப் போனபோதுதான். அவசரத்தில், எதிர்காலத் தேதி எங்கே வந்தாலும் நூறு வருடத்தைக் கழி என்று ஒரே அப்டேட்டில் எல்லாத் தேதி ஃபீல்டுகளிலும் போட்டேன். வயது சரியாகிவிட்டது, டீ குடிக்கப் போய்விட்டேன். அதே தரவில் ஆணை நாள் என்று இன்னொரு ஃபீல்டு இருந்தது. நம் அரசாணைகளின் தலைப்பில் தமிழ் வருடம், தமிழ் மாதம், திருவள்ளுவர் ஆண்டு எல்லாம் இருக்கும், கூடவே ஆங்கிலத் தேதியும் இருக்கும். பதிவு செய்தவர்களில் யாரோ ஒருவர் நாளையும் மாதத்தையும் ஆங்கிலத் தேதியிலிருந்து எடுத்து, வருடத்தைத் திருவள்ளுவர் ஆண்டிலிருந்து எடுத்து அடித்திருக்கிறார். 2024உடன் 31 கூட்டினால் 2055. நான் நூறைக் கழித்து அந்த ஆணைகளை 1955க்கு அனுப்பிவிட்டேன். பல வாரம் கழித்து அங்கே வேலை பார்க்கும் அம்மா ஒருவர், “சார், அப்ப நம்ம சங்கமே இல்லையே” என்று சிரித்தார்.

ஒரே டேபிளில் இரண்டு 2055. ஒன்று 1955ஆக இருக்க வேண்டியது, இன்னொன்று 2024ஆக இருக்க வேண்டியது. இலக்கத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

முதல் தப்பு கத்திக் கூப்பிட்டது, இரண்டாவது வாயே திறக்கவில்லை. இந்த மடல் முழுக்க இரண்டாவது வகையைப் பற்றித்தான். டேட்டாபேஸ் எர்ரர் காட்டினால் நமக்கெல்லாம் எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சலில் அதன் வாயை அடைக்கும்படி ஒரு ப்ரோக்ராம் எழுதிவிடுகிறோம். அப்புறம் தேதிகள் தப்பாகவே உள்ளே போய் உட்கார்ந்துகொள்கின்றன.

தேதியைப் படிக்க நீங்கள் அடிக்கடி எழுதுகிற அந்த ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம். பெயர் ஃபிக்ஸ்_டேட், பார்ஸ்_எனி_டேட் என்று ஏதோ ஒன்று. உள்ளே இருப்பது ஒன்றேதான். முதலில் மாதம்/நாள்/வருடம் என்று படி, முடியவில்லையென்றால் நாள்/மாதம்/வருடம் என்று படி. இது எப்படிப் பிறக்கிறது என்றும் தெரியும். போஸ்ட்கிரெஸில் டேட்ஸ்டைல் என்று ஓர் அமைப்பு உண்டு. எதையும் மாற்றாவிட்டால் அது அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னால் வைத்துப் படிக்கும். 25/12/2023 என்று கொடுத்தால், வரம்புக்கு வெளியே இருக்கிறது, வேறு டேட்ஸ்டைல் வேண்டுமோ என்னவோ என்று குறிப்போடு மறுத்துவிடும். அது நல்ல பிள்ளை. நாம்தான் அந்த மறுப்பைப் பிடித்து, “சரி, அப்படியானால் திருப்பிப் படி” என்கிறோம். 25/12 சரியாகிவிடுகிறது. 05/12 மே 12ஆகப் போய்விடுகிறது. அதற்கு எந்த எர்ரரும் கிடையாது.

ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் தரவில் இதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஏப்ரல் மாத வசூல் ரசீதுகள். ஏப்ரல் 13 முதல் 30 வரை எல்லாம் சரி. ஏப்ரல் 1 முதல் 12 வரை நடந்த வசூல் ஜனவரி 4, பிப்ரவரி 4, மார்ச் 4 என்று டிசம்பர் 4 வரைக்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் பிரிந்து கிடந்தது. ஏப்ரல் 4 மட்டும் தன் இடத்திலேயே இருந்தது, திருப்பிப் போட்டாலும் அது அதுதானே. மாதா மாதம் நாலாம் தேதி வசூல் என்றால் யாருக்குச் சந்தேகம் வரும்? தவணை கட்டியவர்களுக்குத் தாமத அபராதம் ஏறிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சும்மா கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளும் மாதமும் பன்னிரண்டுக்குள் இருக்கும் தேதிகள் வருடத்துக்கு 144. அதில் 1/1, 2/2 மாதிரி திருப்பினாலும் மாறாதவை 12. மீதி 132 நாட்கள், வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், சத்தமில்லாமல் இடம் மாறக் கூடியவை.

இதே வேலையை எக்செல் இன்னும் நாசூக்காகச் செய்யும். கணினி அமெரிக்க அமைப்பில் இருக்கிறது, காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்பை இரண்டு தடவை தட்டித் திறக்கிறார்கள் என்று வையுங்கள். 03/04/2024 மார்ச் 4 என்ற உண்மையான தேதியாகிக் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். 13/04/2024 எக்செலுக்குப் புரியாததால் வெறும் எழுத்தாக இடப்பக்கம் நிற்கும். ஒரே வரிசையில் பாதி வலது, பாதி இடது. வாடிக்கையாளர் அனுப்பும் கோப்பில் நான் முதலில் பார்ப்பது அந்த ஓரங்களைத்தான். சில நேரம் தேதி இருக்க வேண்டிய இடத்தில் 45000 என்று ஓர் எண் இருக்கும். எக்செல் உள்ளுக்குள் நாளை எண்ணி வைக்கும் எண் அது, 2023 மார்ச் 15. எக்செல் எதைக் கண்டாலும் தேதியாக்கிவிடும் என்பதால் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவினர் 2020இல் மார்ச்1 என்ற பெயரையே மார்ச்எஃப்1 என்று மாற்றிக்கொண்டார்கள். விஞ்ஞானிகளே விட்டுக்கொடுத்துவிட்டார்கள், நாம் எம்மாத்திரம்.

“வருடம்-மாதம்-நாள் என்று எழுதினால் பிரச்சினையே இல்லையே” என்பீர்கள். ஐஎஸ்ஓ 8601 வந்தது 1988இல், அதில் சொல்வதும் அதுதான். பெரும்பாலும் சரிதான். ஆனால் எஸ்கியூஎல் சர்வரில் டேட்டைம் என்ற பழைய வகைக்கு, லாகினின் மொழி பிரிட்டிஷ் ஆங்கிலம் என்று இருந்தால், 2024-02-03 மார்ச் 2 ஆகிவிடும். வருடம் முன்னால் வந்தாலும் மீதியை நாள், மாதம் என்ற வரிசையில் படிக்கிறது அது. டேட், டேட்டைம்2 வகைகளில் இந்தக் கூத்து இல்லை. கோடில்லாமல் 20240203 என்று கொடுத்தால் எந்த மொழியிலும் சரியாக வரும். மைஎஸ்கியூஎல் வேறு மாதிரி தாராளம். தேதி வேண்டிய இடத்தில் 10:11:12 என்று கொடுத்தால், நேரமாயிற்றே என்று யோசிக்காமல் 2010 நவம்பர் 12 என்று வாங்கிக்கொள்ளும்.

சரி, இவையெல்லாம் எங்கும் நடக்கிற கதை. நம் ஊர்த் தரவில் இன்னும் சில உண்டு. வெளிநாட்டுக்காரன் எழுதிய எந்த லைப்ரரியிலும் அவற்றுக்கு விடை கிடையாது, நாம்தான் யோசித்தாக வேண்டும்.

வருவாய்த் துறைக் காகிதங்களில் வருடம் பசலி என்ற வருவாய் ஆண்டுக் கணக்கில் வரும். பசலி 1433 என்றால் 590 கூட்டி 2023. ஆனால் அது 2023 ஜூலை 1இல் தொடங்கி 2024 ஜூன் 30இல் முடிகிற காலம், ஒரு நாள் அல்ல. ஜமாபந்தி நடப்பதும் அந்தக் கணக்கில்தான். இதைத் தேதி ஃபீல்டில் 01/01/1433 என்று போட்டிருந்த ஒரு டேபிளைப் பார்த்திருக்கிறேன். டேட்டாபேஸ் மறுக்கவில்லை. கிபி 1433 அதற்குச் செல்லுபடியாகும் வருடம்தானே. போஸ்ட்கிரெஸில் டேட்ரேஞ்ச் என்று ஒரு வகையே இருக்கிறது, இதற்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி. இல்லாத இடத்தில் தொடக்கம், முடிவு என்று இரண்டு தேதி ஃபீல்டு போதும்.

பழைய பத்திரங்களில் குரோதி வருஷம் ஆனி மாசம் என்று இருக்கும். அறுபது வருடத்துக்கு ஒரு குரோதி. 1964இல் வந்தது, 2024இல் வந்தது. எந்தக் குரோதி என்பதைப் பத்திரத்தில் வேறு ஏதாவது ஆதாரம் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனி என்றைக்குப் பிறக்கிறது என்பதும் வருடத்துக்கு வருடம் ஒரு நாள் முன்பின் ஆகும். பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம்கூட மாறும். அதனால் இதற்குச் சூத்திரம் எழுத உட்காராதீர்கள். ஒவ்வொரு தமிழ் மாதமும் எந்த ஆங்கிலத் தேதியில் பிறந்தது என்று ஒரு டேபிள் போட்டு, அதோடு ஜாயின் செய்யுங்கள், அதாவது இணைத்துப் பாருங்கள். எந்தப் பஞ்சாங்கத்திலிருந்து எடுத்தது என்றும் அதிலேயே ஒரு ஃபீல்டு வையுங்கள்.

தமிழ் எண்கள் இன்னொரு பொறி. ட்ரான்ஸ்லேட் என்ற ஃபங்ஷனில் ௦௧௨௩௪௫௬௭௮௯ கொடுத்து 0123456789 ஆக மாற்றினால் தீர்ந்தது என்று நானும் நினைத்தேன். ௨௦௨௪ என்று புது முறையில் எழுதினால் தீரும். பழைய முறையில் பத்துக்கு ௰ என்று தனி எழுத்து உண்டு. இருபத்துமூன்றை ௨௰௩ என்று எழுதுவார்கள், பக்கத்தில் நாளைக் குறிக்க ௳ போடுவார்கள். என் ஃபங்ஷன் ௰ என்ற எழுத்தைத் தெரியாமல் அப்படியே விட்டுவிட்டது. அதாவது எர்ரர் வந்தது, நல்லவேளை. எண் அல்லாத எழுத்தையெல்லாம் தூக்கிப் போடு என்று நான் முன்கூட்டியே ஒரு வரி எழுதியிருந்தால் 2௰3 என்பது 23 ஆகிச் சரியாகத்தான் வந்திருக்கும். ௰௫ மட்டும் 15க்குப் பதில் 5 ஆகியிருக்கும். பாதி சரியாக வருவதைக் கண்டுபிடிப்பதுதான் மகா கஷ்டம்.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் காட்டியது இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும். இலங்கையின் பழைய அடையாள அட்டை எண்ணுக்குள்ளேயே பிறந்த தேதி இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டல். இதில் சூட்சுமம், எல்லா வருடத்துக்கும் பிப்ரவரிக்கு 29 நாள் என்றே எண்ணியிருக்கிறார்கள். 061 என்றால் எந்த வருடமானாலும் மார்ச் 1. ஜனவரி 1உடன் அறுபது நாளைக் கூட்டு என்று எழுதுகிறவர் சாதாரண வருடத்தில் மார்ச் 2க்குப் போய்விடுவார். பிப்ரவரி முடிந்த பிறகு பிறந்தவர்கள் எல்லோருக்கும், லீப் வருடம் தவிர, ஒரு நாள் பிசகும். ஒரே ஒரு நாள்தான், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

அப்புறம், தெரியாத தேதி. இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஓய்வூதியர் பட்டியலைச் சரிபார்க்க, 10-06-55 என்று இருந்த பெரியவருக்கே போன் போட்டேன். “எங்கம்மா சொன்னது ஆடிப்பெருக்கு, தம்பி. வாத்தியார் போட்டது ஜூன் பத்து. 2055 நீங்க போட்டது. உங்களுக்கு எது வேணும்?” என்றார். அந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்போது கையைத் தலைக்கு மேல் சுற்றி மறு காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்த மாதிரி மே, ஜூனில் ஒரு தேதியை வாத்தியாரே எழுதிக்கொள்வார். நம் ஊர்ப் பெரியவர்களின் பிறந்த தேதியை மாதவாரியாக எண்ணினால் அந்த இரண்டு மாதத்தில் ஒரு மேடு நிற்கும். ஜனவரி 1இல் இன்னொரு மேடு. அது நம் காலத்தில் வந்தது. பிறந்த வருடம் மட்டும் அச்சான ஆதார் அட்டையைக் கொண்டு வருகிறார் ஒருவர், உங்கள் ஃபார்ம் முழுத் தேதி இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு விடுவதில்லை, கவுண்டரில் இருப்பவர் 01/01 அடித்துவிடுகிறார். உண்மையாகவே ஜனவரி 1இல் பிறந்தவர் அந்தக் கூட்டத்தில் தொலைந்துவிடுகிறார்.

மைஎஸ்கியூஎல் இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. மாதமும் நாளும் தெரியாவிட்டால் 1955-00-00 என்று போடலாம். அதன் 5.7 பதிப்பு முதல் கண்டிப்பு முறை இயல்பாகவே வந்துவிட்டதால், நீங்கள் மாற்றி அமைத்தாலொழிய அது உள்ளே போகாது. அந்தப் பூஜ்ஜியங்களை வேறு டேட்டாபேஸுக்குக் கொண்டு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். நான் செய்வது சாதாரண வேலை. தேதிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன ஃபீல்டு. நாள் வரை தெரியுமா, மாதம் வரையா, வருடம் மட்டுமா என்பதற்கு ஓர் எழுத்து. தேதியில் 1955-01-01 இருந்தாலும் பக்கத்தில் ‘வ’ என்று இருந்தால், பிறந்தநாள் வாழ்த்து எஸ்எம்எஸ் அனுப்பும் ப்ரோக்ராம் அவரை விட்டுவிடும்.

நான் இறக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ரகசியம் ஒன்றும் இல்லை. வந்த கோப்பு எதுவாக இருந்தாலும் முதலில் எல்லா ஃபீல்டும் எழுத்தாக இருக்கும் ஒரு தற்காலிக டேபிளில் கொட்டுவேன். ஆமாம், அங்கே நானும் வார்சார்தான். அப்புறம் தேதியில் இருக்கும் இலக்கங்களையெல்லாம் 9 என்று மாற்றி குரூப் பை போட்டு, ஒரே வடிவத்தில் இருப்பவற்றைச் சேர்த்து எண்ணுவேன். 99/99/9999 இத்தனை, 99.99.99 இத்தனை, 9-9-99 இத்தனை, 99999 இத்தனை, ‘ஆனி 99’ நான்கு, ‘தெரியாது’ மூன்று என்று ஊர் முழுக்க ஒரே திரையில் வந்துவிடும். ஒவ்வொரு வடிவத்துக்கும் டேட்டாபேஸை ஊகிக்க விடாமல், எழுத்தைத் தேதியாக்கும் டூ_டேட் என்ற ஃபங்ஷனைப் போட்டு இன்ன வரிசை என்று நானே எழுதுவேன். எந்தக் கிளை அலுவலகத்திலிருந்து வந்த கோப்பு என்று பார்த்து, கோப்புக்கு ஒரு வரிசை. ஒரு வரிக்கு ஒரு வரிசை என்பதற்கு மட்டும் தலைகீழாக நின்றாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். எதிலும் சேராதது தனி டேபிளில் காத்திருக்கும், ஆள் பார்த்துத்தான் முடிவு. அந்த டூ_டேட்டையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். போஸ்ட்கிரெஸ் 10ஆம் பதிப்புக்கு முன்பு ஜூன் 40 என்று கொடுத்தால் ஜூலை 10 என்று சிரித்த முகமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. பழைய சர்வர் இன்னும் ஓடும் இடங்களில் அப்படி வந்த தேதிகள் இன்னும் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல், வந்த எழுத்தை வந்தபடியே இன்னொரு ஃபீல்டில் வைத்திருப்பேன். ஃபைனான்ஸ் கம்பெனியின் தரவில் அது இல்லாததால்தான் சாக்குப் பையிலிருந்த ரசீதுக் கட்டுகளைப் பிரித்து உட்கார வேண்டியதாயிற்று. பன்னிரண்டு மாதத்தின் நாலாம் தேதிகளில் எது நிஜமான நாலாம் தேதி, எது இடம் மாறி வந்த ஏப்ரல் என்று திரையைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஆணை நாள் விஷயத்தில் பழைய எழுத்து கைவசம் இருந்தது. ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

உங்கள் தரப்பு நியாயம் எனக்குத் தெரியாமலில்லை. “மக்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதுவார்கள், கவுண்டரில் கூட்டம் நிற்கும், டேட் வகை போட்டால் எர்ரர் வரும், அதிகாரி கத்துவார், வார்சார் போட்டால் எல்லாம் உள்ளே போகும்.” உண்மைதான். மக்கள் எழுதுகிறபடி வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். அதை ஒரு ஃபீல்டில் வாங்குங்கள், படித்த தேதியை டேட் வகையில் இன்னொரு ஃபீல்டில் வையுங்கள், எப்படிப் படித்தீர்கள் என்று மூன்றாவதில் எழுதுங்கள். வெறும் எழுத்தாக வைத்தால் 01/12/2023 என்பது 02/01/1990க்கு முன்னால் வந்து நிற்கும். மூத்தவருக்கு முன்னுரிமை என்று பட்டியல் எடுக்கச் சொன்னால் எதை வைத்து எடுப்பீர்கள்?

திரையில் ஒரு சின்ன மாற்றமும் செய்யலாம். பிறந்த தேதிக்குக் குட்டி காலண்டர் வைக்காதீர்கள். 1952இல் பிறந்த பாட்டிக்கு மாதம் மாதமாகப் பின்னால் தட்டிக்கொண்டு போனால் எண்ணூறு தடவைக்கு மேல் தட்ட வேண்டும். நாள், மாதம், வருடம் என்று மூன்று கட்டம் வையுங்கள். மாதத்தை மட்டும் பெயராகத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், வருடத்துக்கு நான்கு இலக்கம் கேளுங்கள். பக்கத்தில் ‘நாள் தெரியாது’ என்று ஒரு டிக். மேலே சொன்ன தகராறில் முக்கால்வாசி வாசலிலேயே தீர்ந்துவிடும்.

கடைசியாக ஒன்று. உங்களில் யாரோ கட்டிய டேபிள் ஒன்று இப்போது என் முன்னால் திறந்திருக்கிறது. அதில் பிறந்த தேதிக்கு டிஓபி, டிஓபி1, டிஓபி_நியூ, டிஓபி_ஃபைனல் என்று நான்கு ஃபீல்டு இருக்கின்றன, நான்கும் வார்சார், நான்கிலும் வேறு வேறு தேதி. எதைச் செயலி படித்துக்கொண்டிருந்தது என்று அலுவலகத்தில் கேட்டால் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். எழுதியவர் இதைப் படித்தால் ஒரு வரி எழுதிப் போடுங்கள். திங்கட்கிழமை வரை தொடாமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களுக்குப் பிறகு வந்து டேபிளைத் திறப்பவன்